எந்த மரக்காலால்? – திருமுக்கூடல் கல்வெட்டும் மென்பொருள் கட்டுமானத்தின் மாறிகளும்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில் பழையசீவரம் என்றோர் ஊர் உண்டு. அதன் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழனின் (ஆட்சிக்காலம் 1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. கல்வெட்டுத் துறையினர் 1915இல் பதிவு செய்த இதனைப் பின்னாளில் 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 21ஆம் தொகுதியில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்தார்.

அரசியல் வரலாறு எழுதுவோர் இக்கல்வெட்டின் மெய்க்கீர்த்தியை நாடுவார்கள். மருத்துவ வரலாறு எழுதுவோர் அதில் வரும் ஆதுலர் சாலையை, அதாவது நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை அளித்த மருத்துவமனையை நாடுவார்கள். இரு தரப்பினரும் அதிகம் பேசாத ஒன்று அக்கல்வெட்டின் உரைநடை. மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் பகுதி கதை சொல்வதில்லை, புகழ்வதுமில்லை. எழுதியவர் அருகில் இல்லாத காலத்தில், முன்பின் அறியாத ஒருவர் படித்து, படித்தபடியே நடத்தவேண்டிய கட்டளைகளின் தொகுப்பு அது. இவ்வகை உரைநடைக்கு நம் காலத்தில் மிக நெருங்கிய உறவு, இலக்கியவாதிகள் அநேகமாகத் திறந்தே பார்க்காத ஓரிடத்தில் இருக்கிறது. மென்பொருளைக் கட்டியெழுப்பும் கோப்புகளில். இக்கட்டுரை அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி.

பெயரும் எண்ணும்

முதலில் கல்வெட்டு. 'வீரசோழன்' என்று பெயரிடப்பட்ட ஆதுலர் சாலையில் பதினைந்து நோயாளிகளுக்கு இடம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அதற்கு மேல் நிலக்காணியும். அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சும் இருவருக்குச் சேர்த்து 60 கலமும் 2 காசும். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்குச் சேர்த்து 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். இரவில் எரிய விளக்கு. ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். அருகிலேயே வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவர்களுக்கான ஏற்பாடு, சனிக்கிழமைதோறும் அவர்கள் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய் வரை கணக்கிட்டுச் சொல்லப்பட்டுள்ளது.

இப்பட்டியலைக் கூர்ந்து படித்தால் ஒரு வேறுபாடு தெரியும். மருத்துவர் மட்டும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார்: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். மற்றவர்கள் பணியாலும் எண்ணிக்கையாலுமே குறிக்கப்படுகின்றனர். அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், பெண்கள் இருவர். இன்று ஒருவர், நாளை வேறொருவர். இடம் நிலையானது, இடத்தை நிரப்புபவர் மாறுபவர். 

இந்த இடங்களைத்தான் நிரலர்கள் மாறி என்கிறார்கள். பெயருள்ள ஒரு வெற்றிடம் அது. அதில் என்ன மதிப்பு வரும் என்பதைப் பின்னால் ஒருவர் தீர்மானிக்கலாம். மாறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மதிப்பையே நேராகப் பொறித்துவிட்டால், அம்மதிப்பு பொய்த்துப்போகும் நாளில் உரை முழுவதும் தடுமாறும். அசுவத்தாம பட்டரின் பணி பரம்பரைக் காணியாக இருந்ததால் அவர் பெயரைப் பொறித்ததில் அன்று இடரில்லை. மற்றப் பணிகளுக்கு அவ்வாறு செய்யாமல் விட்டதில் எழுதியவரின் விவேகம் தெரிகிறது.

மேக் என்னும் கட்டளைச் சுவடி

இனி மென்பொருள். நிரலர் எழுதுவது மூலநிரல். அது மனிதர் படிக்கும் உரை. கணினி இயக்குவது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதை உண்டாக்கும் வேலையைக் கட்டுமானம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நிரலுக்கு இது ஒற்றைக் கட்டளையில் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான கோப்புகள் கொண்ட மென்பொருளில் எதை முதலில் தொகுப்பது, எது மாறினால் எதை மீண்டும் தொகுப்பது என்பதே தனிக்கலை.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் இதற்காக 'மேக்' என்னும் கருவியை எழுதினார். அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன், தாம் முன்பே திருத்திவிட்ட பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்காமல் விட்டதுதான் காரணம். அந்தச் சலிப்பிலிருந்து பிறந்தது மேக். இன்ன கோப்பு இன்ன கோப்புகளைச் சார்ந்தது, அவை மாறினால் இன்ன கட்டளையை இயக்கு என்று எழுதிவைத்துவிட்டால், மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். 2003இல் கணிப்பொறி அறிஞர்களின் அமைப்பான ஏசிஎம், மென்பொருள் அமைப்புக்கான தனது விருதை இதற்காக ஃபெல்ட்மேனுக்கு வழங்கியது.

இந்தக் கட்டளைக் கோப்பில் மாறிகள் உண்டு. எந்தத் தொகுப்பியைப் பயன்படுத்துவது, அதற்கு என்னென்ன விருப்பத்தேர்வுகளைக் கொடுப்பது, முடிந்தபின் விளைந்த நிரலை எந்த அடைவில் நிறுவுவது போன்றவற்றைக் கோப்பெங்கும் திரும்பத் திரும்ப எழுதாமல், மேலே ஓரிடத்தில் பெயரிட்டு மதிப்புக் கொடுத்துவிட்டுக் கீழே பெயரைமட்டும் சொன்னால் போதும். திருமுக்கூடலில் ஒரு தலைக்கு ஒரு நாழி என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தலைகளை எண்ணுவது போன்றதே இது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஒரே மாறிக்குப் பல இடங்களிலிருந்து மதிப்பு வரலாம். கட்டளைக் கோப்பே ஒரு மதிப்பைச் சொல்லியிருக்கும். அதை இயக்குபவர் தம் கட்டளை வரியில் வேறொன்றைச் சொல்லலாம். இவ்விரண்டும் போக, அவருடைய கணினியின் சூழலில், எப்போதோ யாரோ அமைத்துவைத்த மதிப்பொன்று அதே பெயரில் ஏற்கெனவே இருக்கலாம். யார் சொல் செல்லும்? மேக் இதற்கு ஒரு வரிசை வகுத்தது. கட்டளை வரியில் சொன்னது எல்லாவற்றையும் மீறும். அடுத்தது கோப்பில் எழுதியது. சூழலில் கிடப்பது கடைசி. சூழலுக்கு முதன்மை கொடு என்று வெளிப்படையாகக் கேட்டாலன்றி அது கோப்பை மீறாது. ஏற்கெனவே மதிப்பில்லாவிட்டால் மட்டும் இதை எடுத்துக்கொள் என்று எழுதும் முறையும் பின்னர் சேர்ந்தது.

இது வெறும் இலக்கண விதியாகத் தோன்றலாம். உண்மையில் இது உரிமை பற்றிய கேள்வி. குனூ மென்பொருள் மரபில் தொகுப்பிக்கான விருப்பத்தேர்வுகளை ஏந்தும் மாறி பயனருக்கு உரியது என்பது வழக்கு. ஆசிரியருக்குத் தேவையானவை இருந்தால் அவர் தமக்கென வேறொரு மாறியை வைத்துக்கொள்ளவேண்டும், பயனரின் மாறியில் கைவைக்கலாகாது. ஆசிரியரின் வரம்பு எங்கே முடிகிறது, கட்டுபவரின் வரம்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு பெயரின் வழியே தீர்த்துவைக்கும் முறை இது.

ஊருக்கு ஊர் வேறான யுனிக்ஸ்

எண்பதுகளில் யுனிக்ஸ் இயங்குதளம் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் யுனிக்ஸை விற்றது. ஒன்றில் இருக்கும் வசதி மற்றொன்றில் இராது, இருந்தாலும் பெயர் வேறாக இருக்கும். ஒரே மூலநிரலை இத்தனை ஊர்களிலும் கட்டுவதெப்படி? லாரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியைப் படைத்தவர்) ஒரு வழி கண்டார். கட்டத் தொடங்குமுன் ஒரு நிரல் கணினியைத் துருவிப் பார்த்துவிட்டு, தெரியாதவற்றை அமர்ந்திருப்பவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்கும். 

1991இல் டேவிட் மெக்கென்சி 'ஆட்டோகான்ஃப்' கருவியைத் தொடங்கினார். இது ஆளைக் கேட்பதில்லை, கணினியையே சோதிக்கிறது. இன்ன வசதி இருக்கிறதா என்று அறிய, அதைப் பயன்படுத்தும் நாலு வரி நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கும். தொகுக்க முடிந்தால் வசதி உண்டு. முடியாவிட்டால் இல்லை என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மாறிகளின் மதிப்பை நிரப்பிவிட்டு மேலே போகும். பட்டியலை நம்பாமல் நேரில் சோதித்தறிவது என்னும் இந்தக் கொள்கை மிகப் பெரிய வெற்றி பெற்றது. 'முடியாவிட்டால் இல்லை' என்னும் அந்தச் சிறு ஊகத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சோதனைகளுக்கு நேரமாகும். ஆகவே கண்டறிந்த மதிப்புகளைச் சேமித்துவைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. இங்கே ஒரு பழைய உண்மை புதிய வடிவில் தலைகாட்டியது. சேமித்த மதிப்பு சேமித்த நாளுக்கு உரியது. தொகுப்பியை மாற்றியபின்னும், நூலகத்தைப் புதுப்பித்தபின்னும் பழைய மதிப்பே ஆட்சி செய்தால் விளைவது விளங்காத பிழைகள். 2001இல் வந்த ஆட்டோகான்ஃப் 2.50 பதிப்பு இச்சேமிப்பை இயல்பாக முடக்கிவைத்தது, வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். 2000இல் கிட்வேர் நிறுவனத்தார் தொடங்கிய 'சிமேக்' கருவியிலும் இப்படியொரு சேமிப்புக் கோப்பு உண்டு. அதில் தங்கிவிட்ட பழைய மதிப்பால் குழம்பி, கட்டுமான அடைவையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காத நிரலர் அரியர்.

அளவைக்கும் ஒரு பெயர்

மீண்டும் சோழர்களிடம் செல்வோம். தொண்ணூறு கலம் நெல் என்று சொன்னால் போதுமா? எந்த அளவையால் அளந்த கலம்? மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. இந்தக் கேள்விக்குச் சோழர் காலத்து எழுத்தர்கள் கண்ட விடை தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் மிகத் தெளிவாகக் காணக்கிடைக்கிறது. அங்கே நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அது ராஜகேசரி என்னும் அளவைக்குச் சமம் என்பதும் சொல்லப்படுகிறது. பொன்னை நிறுக்கும் கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் வேறொரு கல். இவ்வளவு பொன் என்று சொல்லும்போதே, எந்தக் கல்லால் நிறுத்த பொன் என்பதும் உடன் வருகிறது.

நெல்லை அரிசியாக்கும் விகிதத்தையும் அவர்கள் வாசகனின் ஊகத்துக்கு விடவில்லை. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் விகிதம் கல்வெட்டுகளில் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. உமி நீக்கினால் எவ்வளவு தேறும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த உழவர் நாட்டில் இதை ஏன் பொறிக்கவேண்டும்? எல்லாருக்கும் தெரிந்ததுதான் எழுதப்படாமல் போகும். எழுதப்படாதது நாளடைவில் ஆளுக்கு ஆள் மாறும். பண்டாரத்திலிருந்து நெல்லை அளந்து கொடுப்பவருக்கும் அரிசியாகப் பெற்றுக்கொள்பவருக்கும் இடையிலான பூசலுக்கு அந்த விகிதமே வாயில். நிலத்துக்கும் அப்படித்தான். பதினாறு சாண் கோல் என்றும் பன்னிரண்டு சாண் கோல் என்றும் அளவுகோலின் நீளத்தைச் சொல்லிவிட்டே வேலியும் மாவும் பேசுகின்றன ஆவணங்கள். பல ஊர்களில் கோலின் நீளத்தையே கோயில் சுவரிலோ அதிட்டானத்திலோ கோடாக வெட்டிவைத்திருக்கிறார்கள். ஐயமெழுந்தால் அங்கே சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சூழலில் மிதந்துகொண்டிருக்கும் மதிப்பை நம்பாமல் உரைக்குள் கொண்டுவந்து பெயரிடுவது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். கட்டுமான நிரலர்கள் பல ஆண்டுகள் பட்டு அறிந்துகொண்ட பாடம் இதுவேதான்.

மதிப்பை மாற்றுவதற்கும் ஒரு முறை இருந்தது. திருமுக்கூடலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளதை யாவரும் அறிவர். ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. முன்னதில் வாரிய உறுப்பினராவதற்கு வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். பின்னதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். முப்பது குடும்புகள் என்னும் அமைப்பு அப்படியே நிற்க, தகுதி விதிகள் திருத்தப்படுகின்றன. நாம் கருதவேண்டியது, முந்தைய கல்வெட்டு செதுக்கி அழிக்கப்படவில்லை என்பதை. இரண்டும் சுவரில் இருப்பதால்தான் இரண்டு ஆண்டுகளில் என்ன மாறியது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பேசமுடிகிறது.

ஆயினும் எல்லாவற்றையும் உரைக்குள் கொண்டுவந்துவிட முடியாது. திருமுக்கூடல் மருந்துப் பட்டியலில் வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாணலவணம் முதலிய பெயர்களும் அளவுகளும் உள்ளன. செய்முறை கல்லில் இல்லை. அது மருத்துவரின் நூல்களிலும் குருமுகமாகக் கற்ற கல்வியிலும் இருந்தது. நிரலர்கள் இதனைச் சார்பு என்பார்கள். வெளியிலிருக்கும் வேறொரு படைப்பைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வது. அந்த மரபு உயிரோடிருக்கும் வரை பெயர் போதும். மரபு அறுந்தால் கல்லில் எஞ்சுவது ஒலி மட்டும்.

தமிழும் ஒரு மாறிதான்

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கக்கூடிய இலக்கிய வாசகருக்கு ஒரு செய்தி. கட்டற்ற மென்பொருள்களில் தமிழ் இடம்பெறுமா என்பதைத் தீர்மானிப்பதும் இத்தகைய மாறியே. குனூ மொழிபெயர்ப்பு முறையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு. தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சொற்றொடராகத் தமிழாக்கி அக்கோப்பை நிரப்புகிறார்கள். ஆனால் கட்டுமானத்தின்போது எந்தெந்த மொழிகளைச் சேர்ப்பது என்பதை 'லிங்குவாஸ்' என்னும் பட்டியல் சொல்கிறது. தமிழுக்கான ஈரெழுத்துக் குறி அப்பட்டியலில் விடுபட்டால், மொழிபெயர்ப்பு முழுமையாக இருந்தும் பயனரிடம் போய்ச் சேராது. பிழைச்செய்தி ஏதும் வராது. ஆங்கிலம் வழக்கம்போல் வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் இறுதியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் நன்றாக நினைவிருக்கும். திஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் இரண்டையும் ஏற்றது. திஸ்கி மடற்குழுக்களில் வேரூன்றியிருந்தது. ஒரு கோப்பைத் திறந்தால் கவிதை வரவேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியல் வரும். கோப்பில் பழுதில்லை. இன்ன குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று அது தன்னுள் சொல்லவில்லை, அவ்வளவே. மரக்காலின் பெயர் சொல்லாமல் கலக்கணக்கு எழுதியது போலாயிற்று. ஒருங்குறி பரவியபின் இவ்வின்னல் பெரும்பாலும் தீர்ந்தது.

முழுவதும் தீரவில்லை. அகரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியின் எண்வரிசையில் 'ன' என்பது 'ந'வை அடுத்து, 'ப'வுக்கு முன்னால் நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது பதினெட்டாவது, கடைசி மெய். ஒரு கட்டுமானம் தமிழ்ப்பெயர் கொண்ட கோப்புகளை வரிசைப்படுத்திச் சேர்க்கிறது என்று கொள்வோம். எந்த வரிசை? கணினியின் மொழிச்சூழல் மாறி தமிழ் என்று இருந்தால் ஒன்று, எண்வரிசை என்று இருந்தால் மற்றொன்று. ஒரே மூலநிரல், ஒரே தொகுப்பி, ஆனால் விளையும் கோப்பு வேறு. இது தமிழுக்கு மட்டும் நேர்வதன்று. ஆங்கிலத்தின் சிறிய, பெரிய எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

2013இல் டெபியன் குழுவினர் இதைத் தீவிரமாகக் கையிலெடுத்தார்கள். ஒரே மூலநிரலை யார், எங்கே, என்றைக்குக் கட்டினாலும் ஒரு பிட்டுகூட மாறாத விளைவு வரவேண்டும் என்பது இலக்கு. மீளுருவாக்கத்தக்க கட்டுமானம் என்று இதனை அழைக்கலாம். வேறு நேர மண்டலம், வேறு மொழிச்சூழல், வேறு பயனர் பெயர், வேறு அடைவு என்று ஒவ்வொன்றாக மாற்றி இருமுறை கட்டி ஒப்பிட்டார்கள். கட்டிய தேதியும் நேரமும் எண்ணற்ற நிரல்களுக்குள் புகுந்திருந்தன. 2015இல் இதற்கென்றே ஒரு பொதுமாறி வகுக்கப்பட்டது. இந்தக் கணத்தைக் கடிகாரத்திடம் கேட்காதே, இந்த மாறியில் சொன்ன கணத்தையே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். காலத்தையும் சூழலிடமிருந்து வாங்கி உரைக்குள் வைத்தாயிற்று.

ஒரு புள்ளி

இவ்வளவு கறாராக இருக்கவேண்டுமா என்ற கேள்விக்கு 2024 மார்ச் 29 அன்று விடை கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலரான ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், தொலைகணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல் வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். துருவிக்கொண்டே போனவர் 'எக்ஸ்-இசட்' என்னும் கோப்புச்சுருக்க மென்பொருளில் ஒரு கள்ளக்கதவைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 2021 முதல் பொறுமையாகப் பங்களித்து, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே உயர்ந்த ஒரு புனைபெயர்க்காரரின் கைவேலை அது. உலகின் எண்ணற்ற வழங்கிக் கணினிகளுக்குள் நுழையும் வாய்ப்பை அது தரவிருந்தது. பெருவாரியான இயங்குதளங்களின் நிலையான பதிப்புகளை அடையுமுன் பிடிபட்டது.

கள்ளக்கதவு மூலநிரலில் இல்லை, கட்டுமானத்தில் இருந்தது. எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கோப்புகளுக்கும், கட்டுவோருக்கென்று பொதிந்து வெளியிட்ட கோப்புகளுக்கும் ஒரு வேறுபாடு. ஆட்டோகான்ஃப் சோதனைகளுக்கான துணைக்கோப்பு ஒன்று பொதியில் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. அது கட்டுமானச் சூழலின் மாறிகளைப் படித்தது. இது லினக்ஸா, இன்ன வகைச் செயலியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, ஆம் என்றால் மட்டும் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்துவைத்ததை எடுத்துச் சேர்த்தது. இல்லையென்றால் சாதுவாக இருந்துவிடும்.

இதே கையால் நடந்த இன்னொரு சிறு மாற்றமும் பின்னர் வெளிப்பட்டது. சிமேக் கோப்பில், லினக்ஸின் 'லேண்ட்லாக்' என்னும் பாதுகாப்பு வேலி கணினியில் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை நிரல் இருந்தது. அதில் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. அப்புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுபடாது. தொகுக்க முடியாவிட்டால் வசதி இல்லை என்பதுதானே ஊகம்? ஆகவே எல்லா இடத்திலும் வேலி இல்லை என்று மாறி நிரப்பப்படும். பிழைச்செய்தி கிடையாது. பாதுகாப்பு மட்டும் ஓசையின்றி அகன்றுவிடும்.

சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வார். மனிதவாசகனின் பெருந்தன்மை அது. இயந்திரவாசகனுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மிகையான ஒரு புள்ளியைக் கண்டால் 'இது ஏதோ கைத்தவறு' என்று அது எண்ணாது. சொன்னபடி செய்யும், அல்லது செய்யமுடியவில்லை என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். அதனால்தான் மனிதக்கண் அங்கே தேவைப்படுகிறது. கட்டுமானக் கோப்புகளை அநேகமாக யாரும் படிப்பதில்லை என்பதைத் தீயவர் அறிந்துவைத்திருந்தார்.

பழங்கற்படி

கோயிலைப் பிரித்துக் கட்டுவது சோழநாட்டில் அடிக்கடி நடந்ததே. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கும் திருப்பணியில் செம்பியன் மாதேவியார் பெயர்பெற்றவர். திருக்கோடிக்காவில் அவ்வாறு மீண்டும் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கொடைகளின் வாசகங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். அவ்வாறு பொறித்தவற்றில், இது பழைய கல்லின் படி என்பதைக் குறிக்கும் 'பழங்கற்படி' என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டது. பல்லவர் காலத்துக் கொடைகள்கூட அவ்விதம் புதிய கட்டடத்தில் உயிர்பிழைத்தன. பார்ப்பவருக்கு இது மூலமா படியா என்ற ஐயம் எழக்கூடாது, படியென்றால் எதன் படி என்பது தெரியவேண்டும் என்ற அந்த நேர்மை ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. எக்ஸ்-இசட் பொதியில் இல்லாமற்போனது அதுதான். களஞ்சியத்தின் படி என்று நம்பப்பட்டது களஞ்சியத்தின் படியாக இல்லை. அந்நிகழ்வுக்குப்பின் பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும், இயன்றால் களஞ்சியத்திலிருந்தே நேராகக் கட்டவேண்டும் என்ற குரல்கள் வலுத்தன.

கல்வெட்டுகளைப் பொற்காலச் சாட்சியாக நிறுத்துவது என் நோக்கமன்று. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அன்றும் சிலரே. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்கவேண்டும் என்று விதித்த அறங்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. வீரசோழன் ஆதுலர் சாலையின் பதினைந்து இடங்களும் இன்று இல்லை. எவ்வளவு கவனமாக எழுதினாலும், நடத்துவோர் இல்லாவிட்டால் கட்டளை நடவாது. இருந்தும், அங்கே நாளொன்றுக்கு ஒருவர் எவ்வளவு உண்டார், யாருக்கு என்ன கூலி, என்னென்ன மருந்து என்று இன்றைக்கும் நம்மால் கணக்கிட முடிகிறது என்றால், எழுதியவர் மாறுபவற்றுக்கு இடம் விட்டு, மாறக்கூடாதவற்றைப் பெயரும் அளவும் சொல்லிப் பொறித்தார் என்பதே காரணம்.

கோயில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. திருமுக்கூடலுக்குச் செல்லும் நண்பர்கள், மெய்க்கீர்த்தியைக் கடந்து, நாழியும் கலமும் காசும் வரும் வரிகளுக்கு முன்னால் சற்று நேரம் நிற்கலாம். அருகில் நிரல் எழுதும் நண்பர் எவரேனும் இருந்தால் அவருக்கும் காட்டலாம். அவருக்கு அது அந்நிய மொழியாகத் தோன்றாது.